ஊரே பார்த்த நெருப்பு

கழுத்தில் துணியைச் சுற்றி முடிச்சுப் போடுவதற்குள்ளேயே கனிராஜ் கேட்டுவிட்டான், வெள்ளிக்கிழமை ராத்திரி அதைப் பார்த்தீர்களா என்று. கேட்கமாட்டானா என்ன. இரண்டு நாளாக அருப்புக்கோட்டையில் சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை, அதைப் பார்த்தாயா என்று கேட்கத்தான் ஆள். திருமேனி 'ம்' என்றார். பார்த்தேன் என்கிற 'ம்' இல்லை, பார்க்கவில்லை என்கிற 'ம்' இல்லை, முதலில் சவரத்தைப் பண்ணப்பா என்கிற 'ம்'. கனிராஜ் அதைப் பார்த்தேன் என்றே எடுத்துக்கொண்டான். வேறு எப்படி எடுத்துக்கொள்வான். பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட், பத்தொன்பது வருஷமாக இயற்பியல் வாத்தியார் ஜெயசீலனோடு அவர் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து எரிநட்சத்திரம் எண்ணுகிற மனுஷன், ஊரே பார்த்ததை அவர் பார்க்காமல் இருப்பாரா. கனிராஜ் கிண்ணத்தில் சோப்பைக் குழைத்துக்கொண்டே தன் கதையை ஆரம்பித்தான். கரண்டு போனதும் கடைக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கிறான், திடீரென்று சுவரெல்லாம் பட்டப்பகலாகிவிட்டது, அண்ணாந்து பார்த்தால், அம்மாடி, வானத்தில் ஒரு நெருப்பு ஓடுகிறது. வந்த காரியம் பாதியில் நின்றுபோய்விட்டது என்று அவன் சொல்ல, பக்கத்து நாற்காலியில் தலைக்கு மை பூசிக்கொண்டு காய வைத்திருந்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவரும் பார்த்திருக்கிறார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் பார்த்திருக்கிறார். கண்ணில் புரை எடுத்துப் பதினைந்து நாள்தான் ஆகிறது, கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார், அதோடு பார்த்திருக்கிறார். பச்சையாக இருந்ததாம். மை பூசியவர் இல்லை, நீலம் என்றார். கனிராஜின் பிரஷ் கன்னத்தில் குளிர்ந்து சுழன்றது. எக்கேடும் கெட்டுப் போங்கள் என்று திருமேனி கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணை மூடினால் மட்டும் விட்டுவிடுமா. வீட்டில் பேச்சியம்மா பார்த்திருக்கிறாள். கொடியில் காய்ந்த சேலையை எடுக்கப் போனவள். இருபத்திமூன்று வருஷக் குடித்தனத்தில் ஒரு நாள் தலையைத் தூக்கி மேலே பார்த்திருப்பாளா, இன்றைக்கு நிலா எவ்வளவு என்று கேட்டால் காலண்டரைப் பார்த்துச் சொல்லுகிற பொம்பிளை, அவளுக்குக் காட்டியிருக்கிறது. அன்று ராத்திரி அவர் வீட்டுக்குள் நுழைந்ததுமே, உங்களுக்கு மாடியிலிருந்து நல்லாத் தெரிந்திருக்குமே என்று முகமெல்லாம் பூரிப்பாகக் கேட்டாள், ஏதோ கல்யாண வீட்டில் இருவரும் ஒரே பந்தியில் சாப்பிட்டு வந்த மாதிரி. அவர் கை கழுவிவிட்டு உட்கார்ந்து மூன்று தோசையைப் பேசாமல் தின்றார். நாலாவதை வைக்க வந்தவள், அது ஏன் உடைந்து உடைந்து போச்சு, கடைசியிலே ரெண்டு துண்டா ஆச்சே, அது என்ன என்று கேட்டாள். அவளுக்குத் துண்டு வேறு தெரிந்திருக்கிறது. வயிறு எரிந்தது. தோசையால் இல்லை. பொறாமைதான், அதற்கு வேறு பேர் வைத்து என்ன ஆகப்போகிறது. கட்டின பெண்டாட்டி மேல், சேலை எடுக்கப் போனவள் மேல், ஐம்பத்தொரு வயசில் ஒரு மனுஷனுக்குப் பொறாமை. மறுநாள் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஜெயசீலன் ஏழு தடவை போன் பண்ணினார். எடுக்கவில்லை. ஜெயசீலன் என்ன சொல்வார் என்று தெரியும். அந்த வண்ணம் இருக்கிறதே அண்ணே என்று ஆரம்பிப்பார்.

கத்தி இடது கிருதாவில் வந்து நின்றது. "தலையக் குனிங்க சார்" என்றான் கனிராஜ். குனிந்தார். குனிவதற்கு அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா. பத்தொன்பது வருஷமாகக் குனிந்தே உட்கார்ந்திருந்தவர். மூக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே வருகிற பஸ்ஸின் போர்டு தெரியாது, சவரத்துக்குக்கூடக் கழற்றுவதில்லை, அதனால் ஆரம்பத்திலேயே முடிவாகிவிட்டது, பார்ப்பது ஜெயசீலன், எழுதுவது திருமேனி. ஜெயசீலனுக்குக் கண் அப்படி. மற்றவர்களுக்கு ஆறு தெரிகிற கார்த்திகைக் கூட்டத்தில் ஒன்பது எண்ணுவார். கர்த்தர் கொடுத்த கண் என்பார், சும்மா பேச்சுவாக்கில். அந்தக் கர்த்தரிடம் எனக்கும் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று திருமேனி மனசுக்குள் சொல்லிக்கொண்டது எத்தனை தடவை. ஏற்பாடு என்னவென்றால், ஜெயசீலன் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொள்வார். திருமேனி கட்டிலின் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு, கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். அந்தச் சிவப்புகூடப் படுத்திருப்பவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது, அதற்குத்தான் முதுகு. மேலே ஒன்று ஓடினால் ஜெயசீலன் 'டைம்' என்பார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் திருமேனியின் கண் கைக்கடிகாரத்துக்குப் போகும், மணி, நிமிஷம், விநாடி எழுதுவார். பிறகு ஜெயசீலன் சாவகாசமாகச் சொல்வார், இடது கையிலிருந்து கால்மாட்டுக்கு, தலைமாட்டிலிருந்து வலது தோளுக்கு, இவ்வளவு வெளிச்சம், இவ்வளவு நீளம் என்று. கிழக்கு மேற்கு என்று ஒவ்வொரு தடவையும் சொல்வதில்லை. பக்கத்தின் உச்சியில் 'கட்டில்: கிழக்கு' என்று ஒரு வரி, ஜெயசீலன் கால் நீட்டியிருக்கும் பக்கம். மற்ற திசையெல்லாம் அதை வைத்து மறுநாள் போட்டுக்கொள்வது. தெற்கே பஸ் ஸ்டாண்டு வெளிச்சம் கண்ணைக் குத்தும், அதனால் எப்போதும் கிழக்குத்தான். சாயங்காலமே திருமேனி தேதியையும் அந்த வரியையும் எழுதி வைத்துவிட்டுத்தான் மாடி ஏறுவார். நோட்டில் நாலாயிரத்துச் சொச்சம் எரிநட்சத்திரம் இருக்கிறது. அவர் கண்ணால் பார்த்தது முப்பது இருக்குமா. மற்ற நேரமெல்லாம் அவர் பார்த்தது பக்கத்து வீட்டுத் தென்னை மரம். பத்தொன்பது வருஷமாக அதே மரம், குட்டையாக இருந்தது வளர்ந்து காய்த்து மண்டை சாய்ந்துவிட்டது, அதையாவது முழுசாகப் பார்த்தோம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கத்தி கன்னத்தில் சரசரவென்று இறங்கியது. எட்டு மணி பன்னிரண்டு நிமிஷம் நாலு விநாடி. அது போகமாட்டேன் என்கிறது. கரண்டு போய் கால் மணி ஆகியிருக்கும், ஊரே இருட்டு, ஜெயசீலனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அண்ணே, இப்படி ஒரு ராத்திரி இனிமே எப்பக் கிடைக்கும் என்று கட்டிலையும் ஸ்டூலையும் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பத்து நிமிஷம் இல்லை. மெல்லிசாக மேகம் மூடிக்கொண்டு வந்தது. போச்சு, நட்சத்திரம் ஒன்றும் தெரியல என்று ஜெயசீலன் முனகிக்கொண்டிருந்தார். முனகல் நின்றது. 'டைம்' என்றார். வழக்கமான 'டைம்' இல்லை, தொண்டை கிழிந்த 'டைம்'. கண் கடிகாரத்துக்குப் போய்விட்டது. போகாதா பின்னே. மாடு 'ஹை' என்றால் நடக்கும், திருமேனி 'டைம்' என்றால் கடிகாரத்தைப் பார்ப்பார். பார்த்தார். எட்டு, பன்னிரண்டு, நாலு. டார்ச்சு இல்லாமலே தெரிந்தது. விநாடிக் கோடுகள் ஒவ்வொன்றும் தெரிந்தது, கடிகாரக் கண்ணாடி விளிம்பில் படிந்த அழுக்கு தெரிந்தது, மணிக்கட்டில் ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாகத் தெரிந்தது. அவருக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை நினைத்தால்தான் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. கரண்டு வந்துருச்சு என்று தோன்றியது. கரண்டு வந்துவிட்டது, இன்னும் அரை மணி நேரம் கழித்து விட்டால்தான் என்னவாம் இவன்களுக்கு, என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே மிச்ச நாலு விநாடியும் போய்விட்டது. எதிரே சுவரில் ஒரு ஆள் குனிந்து கையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அவன் இடமிருந்து வலமாக நகர்ந்தான், நகர நகர உயர்ந்தான், கதவைத் தாண்டினான், தலை ஸ்விட்ச் போர்டுக்கு மேலே போனது, அணைந்தான். தன் நிழல் என்று தெரிந்து திரும்பிப் பார்த்தபோது மேகமும் இருட்டும்தான் இருந்தன. ஜெயசீலன் கட்டிலின் மேல் எழுந்து நின்று இரண்டு கையையும் தலையில் வைத்திருந்தார். கீழே ஊர் முழுக்க 'ஓ' என்று ஒரு சத்தம். இரண்டு நிமிஷம் கழித்து, வெகு தூரத்தில் வேட்டுப் போட்ட மாதிரி ஒரு முழக்கம். அதையும் விநாடியோடு குறித்துக்கொண்டார். குறிக்காமல் இருப்பாரா. அப்புறம் ஜெயசீலன் கட்டிலிலிருந்து குதித்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கன்னம் ஈரமாக இருந்தது. பாத்துட்டோம்ணே, பாத்துட்டோம் என்றார். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும், நீங்கதான் சார் பார்த்தீக, நான் பார்க்கலை என்று. இத்தனை வருஷம் கழித்து ஒரே ஒரு தடவை ஜெயசீலன் அவரையும் சேர்த்துக்கொண்டு சொன்னதை, இல்லை என்று எப்படிச் சொல்வது.

"சார், டிவியில உங்காளு" என்றான் கனிராஜ். அவர் தலைக்குப் பின்னால், கதவுக்கு மேலே இருந்த டிவி எதிர்க் கண்ணாடியில் தெரிந்தது. ஊர் கேபிள்காரன் எடுத்த பேட்டி, நேற்றிலிருந்து ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ ஓடுகிறது. ஜெயசீலன் இஸ்திரி போட்ட நீலச் சட்டை போட்டிருந்தார். கிறிஸ்துமஸுக்குக்கூடத் தலையை அப்படிப் படிய வாரியதில்லை. கையில் நோட்டு. பச்சை அட்டை, ஓரத்தில் காலிகோ துணி, மூலையில் திருமேனி கைப்பட எழுதிய வருஷம். என் நோட்டு. அன்று ராத்திரியே வாங்கி வைத்துக்கொண்டார், காலையில் தருகிறேன் அண்ணே என்று. நோட்டு எனக்குத்தான், கண் உங்களுக்கு என்று சொல்லாமல் சொல்லி வைத்த பங்கு அது, அதையும் இப்போது அவரே கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கனிராஜ் கத்தியை வைத்துவிட்டு ரிமோட்டை எடுத்துச் சத்தம் கூட்டினான். எங்கள் குழு என்றார் ஜெயசீலன். குழுவாம். பிறகு நோட்டை விரித்து, இடது கைப் பக்கம் கிளம்பி வலது காலுக்கு மேலே போய் அணைந்தது என்று வாசித்தார், கட்டில் கிழக்கு, ஆகவே வலது கால் என்றால் கிழக்குக்குச் சற்றுத் தெற்கே, திருச்சுழிப் பக்கம், கல் விழுந்திருந்தால் அங்கேதான் என்றார். பெங்களூரிலிருந்து ஆராய்ச்சி பண்ணுகிற ஒரு அம்மா நேற்றே வந்துவிட்டாராம். இன்று மத்தியானம் இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்து வேனில் தேடப் போகிறார்கள். "நானும் அப்பவே சொன்னேன்ல, கிழக்கேன்னு" என்றார் கறுப்புக் கண்ணாடிப் பெரியவர். நேற்று அவர் வடக்கே என்றதாகக் கனிராஜ் ஞாபகப்படுத்தினான். இல்லவே இல்லை என்றார் பெரியவர். மை பூசியவரும் கிழக்கே என்றார். டிவி சொன்ன பிறகு ஊரில் எல்லாருக்கும் அது கிழக்கே போய்விட்டது.

திருமேனி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் ஜெயசீலன் வலது கையைத் தூக்கினால் இடது பக்கம் தூக்குகிற மாதிரி இருந்தது, கிழக்கு என்று அவர் நீட்டிய கை மேற்கே நீண்டது. வேடிக்கைதான். எது இடது, எது வலது, படுத்திருப்பவனுக்கு வலது என்றால் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவனுக்கு, இரு, உட்கார்ந்திருப்பவனுக்கு எதிரே என்ன இருந்தது. சுவர். சுவர் எப்படி வந்தது? எதிரே தென்னை மரம்தானே இருக்கும், பத்தொன்பது வருஷமாக மேற்கே அந்தத் தென்னை மரத்தைத்தானே பார்த்துக்கொண்டு கிடக்கிறேன், தென்னை மரத்தில் போய் ஒரு ஆள் நிழல் கதவைத் தாண்டுமா. கதவு மாடிப்படி அறைக் கதவு. மாடிப்படி அறை வடக்கே. கத்தி மோவாய்க் குழியில் நின்றிருந்தது. திருப்பினோமே. கட்டிலைத் திருப்பினோமே. கரண்டு போனதும் ஜெயசீலன் சொன்னாரே, அண்ணே, பஸ் ஸ்டாண்டு வெளிச்சம் செத்துப்போச்சு, இன்னைக்காவது தெற்கே பாப்போம்னு. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் திருப்பினோம், கட்டில் கால் மாடித் தரையின் தட்டோட்டில் கிறீச்சென்றது, ஸ்டூலையும் தூக்கி வடக்கே தலைமாட்டில் போட்டேன். கால் தெற்கே. அப்படியானால் வலது கால் கிழக்கே இல்லை. தெற்கே, தெற்குக்குச் சற்று மேற்கே, பந்தல்குடி ரோட்டுக்கு அந்தப் புறம். ஜெயசீலன் பழக்க தோஷத்தில் கிழக்கு என்கிறார். பழக்க தோஷம்கூட இல்லை. நோட்டைப் பார்த்து வாசிக்கிறார். நோட்டில் அப்படித்தான் இருக்கிறது.

இரண்டு மணிக்கு வேன் கிழக்கே போகும். போகட்டும். அந்த 'போகட்டும்' எவ்வளவு தித்திப்பாக இருந்தது தெரியுமா, வெயிலில் வந்தவனுக்கு மோர் கொடுத்த மாதிரி இருந்தது. போகட்டும், திருச்சுழிக் கண்மாய்க் கரையில் நீலச் சட்டையோடு முள்ளில் மாட்டிக்கொண்டு தேடட்டும், கர்த்தர் கொடுத்த கண்ணை வைத்துக்கொண்டு கரிக்கல்லும் செங்கல் துண்டுமாகப் பொறுக்கட்டும். சாயங்காலம் அந்த அம்மா பெங்களூருக்குப் போய்விடும். கேபிள்காரன் வேறு வேலையைப் பார்ப்பான். நாளையோ அடுத்த ஞாயிற்றுக்கிழமையோ நான் வண்டியை எடுத்துக்கொண்டு தெற்கே போவேன், எக்ஸ்எல்லை ரோட்டோரம் நிறுத்திவிட்டுக் கரிசல் காட்டில் நடப்பேன், அவசரமில்லை, கரிசலில் கல்லே கிடையாது, கிடந்தால் அதுதான். கோழிமுட்டை அளவு இருந்தால் போதும். கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து லேப் மேஜையில் வைப்பேன். இது என்னன்னு பாருங்க சார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஜெயசீலன் முகம் எப்படிப் போகும், அந்த ஒன்பது எண்ணுகிற கண் எப்படிப் போகும். "சிரிக்காதீக சார், கத்தி இருக்கு" என்றான் கனிராஜ். சிரிப்பு அடங்கியது. அடங்கிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. கட்டில் கிழக்கு என்று எழுதியது யார் கை? ஜெயசீலன் கையா? திருப்பிப் போட்டதும் அடித்து எழுதியிருக்க வேண்டியது யார்? உட்கார்ந்த கையோடு எழுதுவோம் என்று நினைத்து, பேனாவைத் தேடி, மேகத்தைப் பற்றி ஜெயசீலன் முனகியதைக் கேட்டுக்கொண்டு, எழுதாமலே விட்டது யார்? நாலாயிரம் வரி, ஒரு வரி தப்பில்லை என்று யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் ஒரு மெடல் குத்திக்கொண்டிருந்தாரே, பார்க்காவிட்டால் என்ன, எழுதியவன் நான்தானே என்று, நாலாயிரத்தில் உருப்படியான ஒன்று வந்த அன்றைக்குத்தானா அது கவிழ வேண்டும். சொன்னால் பார்க்காதவன் என்றும் தெரியும், எழுதத் தெரியாதவன் என்றும் தெரியும். சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. யாருக்குத் தெரியும், இருட்டில் கட்டிலைத் திருப்பியதை. ஜெயசீலனுக்கே ஞாபகம் இல்லை, அவர் ஞாபகத்தில் அந்த நெருப்பைத் தவிர வேறு எதற்கும் இடம் இருக்காது. என் ஞாபகத்தில்தான் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது, கடிகாரத்து அழுக்குக்குக்கூட.

போன் அடித்தது. சட்டைப்பையில் துணிக்கடியில் அடித்தது. எடுக்கவேண்டாம் என்று சொல்வதற்குள் கனிராஜ் உள்ளே கைவிட்டு எடுத்துவிட்டான். உங்காளுதான் சார் என்று சொல்லி, காதில் வைத்தால் சோப்பு ஒட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டு அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். டிவியின் சத்தத்தையும் மரியாதையாகக் குறைத்தான். கடை முழுக்க ஜெயசீலன் குரல் கேட்டது. அண்ணே, காய்ச்சல் எப்படி இருக்கு, நேத்து வீட்டுக்கு வரணும்னு பாத்தேன், விடமாட்டேங்கிறாங்க என்றார். குரல் கட்டிப் போயிருந்தது, பேசிப் பேசி. பிறகு, அந்த அம்மா பக்கத்தில் இருப்பதாகவும், ஒரே இடத்திலிருந்து பார்த்த இரண்டாவது ஆள் வேண்டும் என்று கேட்பதாகவும், பார்த்ததை அப்படியே சொன்னால் போதும், ரிப்போர்ட்டில் இரண்டு பேர் பெயரும் சேர்ந்து வரும் என்றும் சொன்னார். மை பூசியவர் நாற்காலியிலிருந்து இந்தப் பக்கம் சாய்ந்தார். பெரியவர் பேப்பரை மடித்தார். வணக்கம் சார், நீங்க பாத்தப்போ அது எந்தப் பக்கம் போச்சு என்று ஒரு பெண் குரல், அலுப்பான குரல், காலையிலிருந்து நூறு பேரிடம் கேட்டிருக்கும்.

ஒரு வார்த்தை. கிழக்கே என்று ஒரு வார்த்தை சொன்னால் பார்த்தவனாகிவிடலாம். ஊரில் எல்லாரையும் போல, பேச்சியம்மாவைப் போல, கறுப்புக் கண்ணாடிப் பெரியவரைப் போல பார்த்தவனாகிவிடலாம், பேர் அச்சில் வரும், பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு கூலி. அல்லது பார்த்தேன், தெற்கே போச்சு, ஜெயசீலன் சார் தப்பாச் சொல்றார் என்று சொல்லலாம். அது இன்னும் இனிப்பு. கடையில் இத்தனை பேர் கேட்க ஜெயசீலனைக் கீழே தள்ளலாம், கண்ணும் எனக்கு, கல்லும் எனக்கு. அப்படிச் சொன்னால் அந்த அம்மா அடுத்து என்ன கேட்கும்? என்ன நிறம், எப்படி உடைந்தது, எத்தனை துண்டு. பேச்சி சொன்னதைச் சொல்லலாம். பச்சை, ரெண்டு துண்டு. பெண்டாட்டி பார்த்ததைத் திருடி, வாத்தியாரைக் கவிழ்த்து, பார்த்தவன் என்று பேர் வாங்கி. வாய்க்குள் சோப்பு கசந்தது. எதிரே கண்ணாடியில் பாதி முகம் மழித்தும் பாதி முகம் வெள்ளையாகவும் ஒரு ஆள் குனிந்து உட்கார்ந்திருந்தான். சுவரில் பார்த்த அதே ஆள். அவனை மட்டும்தான் நான் பார்த்தேன் என்று திருமேனிக்குத் தோன்றியது. அவனைத்தான் உண்மையாகவே பார்த்தேன்.

"நான் பாக்கலைம்மா" என்றார். "வாட்ச்சத்தான் பாத்தேன். என் நிழல் வடக்குச் செவுத்துல விழுந்துச்சு, அதத்தான் பாத்தேன். கட்டில நாங்க தெக்க திருப்பிப் போட்டிருந்தோம். நோட்டுல கிழக்குன்னு இருக்கது என் தப்பு. நான் மாத்தி எழுதல." சொல்லி முடித்தபிறகு இதை உண்மைக்காகச் சொன்னாரா, ஜெயசீலனின் கிழக்கு விழட்டும் என்று சொன்னாரா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டும்தான் இருந்திருக்கும். பிறகு ஜெயசீலன், தூரத்தில், ஐயையோ ஆமாம்மா, திருப்பினோம், என்றார். குரல் சின்னதாகிப் போயிருந்தது. அதைக் கேட்க ஒரு கணம் நன்றாக இருந்தது. அடுத்த கணம் அப்படி ஒன்றும் நன்றாக இல்லை.

அந்தப் பெண் குரலின் அலுப்பு போய்விட்டது. நிழல் எந்தப் பக்கம் நகர்ந்தது, கடைசியில் தலை எங்கே நின்றது, சுவரில் அடையாளம் சொல்ல முடியுமா என்று அடுக்கடுக்காகக் கேட்டது. ஸ்விட்ச் போர்டுக்கு மேலே ஒரு சாண் என்றார் திருமேனி. ஸ்டூல் எங்கே இருந்தது என்றது. தண்ணிக் குழாயிலிருந்து நாலாவது தட்டோடு என்றார். முழக்கம் கேட்டது எப்போது என்றது. எட்டு, பதினாலு, ஒன்று என்றார், நோட்டைப் பார்க்காமலே. அந்த அம்மா யாரிடமோ வேன் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்வது கேட்டது. "கண்ணால பாத்தவங்க ஆளுக்கு ஒரு திசை சொல்றாங்க சார். உங்க நிழல் விழுந்த செவுத்த வெச்சு அது போன பாதைய அளந்துடலாம். நீங்க கிளம்பி நேரா அந்த மாடிக்கு வந்துடுங்க. உங்க பேர்தான் முதல்ல வரும்" என்றது. வருகிறேன் என்றார். கனிராஜ் போனை அணைத்து, துடைத்து, பையில் பத்திரமாக வைத்தான்.

பேர் முதலில் வருமாம். கல் கிடைத்தாலும் கிடைக்கும். திருமேனி நாற்காலியில் உட்கார்ந்து, எரிச்சல் போய்விட்டதா என்று வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி உள்ளே தேடிப் பார்த்தார். போகவில்லை. அப்படியே இருந்தது. கல்லை வைத்து என்ன செய்ய. அளந்து கண்டுபிடித்து, எடை போட்டு, பேர் எழுதி ஒட்டி வைக்கலாம், அந்த நாலு விநாடி இவர்களிடம்தான் இருக்கிறது, இந்த மை பூசியவனிடம், இந்தப் பெரியவரிடம், பேச்சியிடம். கடையில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்றுதான் இரண்டு நாளாகப் பயந்தார், சிரித்திருந்தால் தேவலை. எல்லாரும் அவரை, துக்க வீட்டில் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். கனிராஜ் கத்தியைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, மெதுவாகக் கேட்டான். "அப்ப நீங்க பாக்கவே இல்லையா சார்?"

"இல்லப்பா" என்றார். பேச்சி சொல்ல வந்தபோது எழுந்து போனவர், ஜெயசீலன் சொல்லிவிடக் கூடாது என்று ஏழு தடவை போனை எடுக்காதவர், இரண்டு நாளாக யாரிடமும் கேட்காததைப் பிறகு கேட்டார். "எப்படி இருந்துச்சு, சொல்லு."

நாற்பது பேரிடம் சொன்ன கதை. இந்த ஆளிடம் சொல்லக் கனிராஜுக்குக் கூச்சம் வந்துவிட்டது. ஒதுங்கப் போனதையெல்லாம் விட்டுவிட்டான். இன்னும் கழுத்துப் பாக்கி இருந்தது. பக்கத்தில் வந்து மோவாயின் கீழ் விரலைக் கொடுத்து, "நிமிருங்க சார்" என்றான். திருமேனி நிமிர்ந்தார். நாற்காலி முதுகில் தலை சாய்ந்தது, மேலே காரை உதிர்ந்த கூரையும் நின்றுபோன ஒரு மின்விசிறியும் தெரிந்தன. "முதல்ல அந்தா, அந்த மூலையிலருந்து கிளம்புச்சு" என்று கத்தியை நீட்டிக் காட்டினான் கனிராஜ், மை பூசியவரும் பெரியவரும்கூட அண்ணாந்தார்கள். கத்தியின் நுனி மெல்ல விசிறியைக் கடந்து வந்தது. துணிக்கடியில் திருமேனியின் இடது மணிக்கட்டு தன்பாட்டுக்குத் திரும்பிக் கடிகாரத்தை மேலே கொண்டுவந்தது. அதைத் துணிக்கடியிலேயே விட்டுவிட்டு, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.